முதல் பேஸ் அருகே

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் தெருக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். இங்கே நியூ ஜெர்சியில் ஐந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் கோச். "ஆபீஸ் முடிந்து களைத்து வருகிற மனுஷனுக்கு இது எதற்கு?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் கிடைக்கும் சந்தோஷத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் மூன்றே அணிகளோடு தொடங்கியது. கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தன் உறவுக்காரப் பையன்கள் ஆடுவதற்காக ஆரம்பித்தது. பேஸ் என்பது அடித்தவர் ஓடிப்போய் மிதிக்க வேண்டிய இடம்; பெரியவர்களுக்கு ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பிள்ளைகளின் காலுக்கு ஏற்றபடி அதை அவர் 60 அடியாக்கினார். பிள்ளையின் அளவுக்கு ஆட்டத்தை வெட்டித் தைத்த அந்த மனசுதான் எனக்குப் பிடித்தது.

என் மகள் முதல் ஆட்டத்தில் பந்தை அடித்துவிட்டு பேட்டோடு ஓடினாள். பேஸ்பாலில் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். வீட்டில் என்னோடு கிரிக்கெட் ஆடிய பழக்கம், கையை விட்டுப் போகவில்லை! அவள் அப்படி ஓடியதைப் பார்த்தபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் இந்த மைதானத்தில் நிற்பதற்கே ஒரு சிறுமி வழி திறந்திருக்கிறாள். நம் பக்கத்து ஹோபோக்கனில், 1972-ல், பன்னிரண்டு வயது மரியா பெப்பே அணியில் சேர்ந்து மூன்று ஆட்டம் ஆடினாள். பெண் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வழக்கு நடந்து, 1974-ல் லிட்டில் லீக் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அதற்குள் மரியாவுக்கு வயது கடந்துவிட்டது. இதை என் மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அவங்க திரும்ப ஆடவே இல்லையாப்பா?"

அணியில் ஒரு பையன், பேர் வேண்டாம். பந்து வருகிறது என்றாலே பின்னங்காலை இழுத்துக்கொள்வான். வீசுகிற பிள்ளைக்கும் அவனுக்கும் 46 அடிதான் இடைவெளி, பயம் நியாயம். டென்னிஸ் பந்துகளில் மார்க்கரால் எண்கள் எழுதினேன். அடிக்க வேண்டாம், வரும் பந்தில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால் போதும் என்றேன். முதல் வாரம் ஒன்றும் படிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவது வாரம் "ஏழு!" என்று கத்தினான். அப்போது அவன் கால் நகரவில்லை. அவனுக்கு அது தெரியவே தெரியாது, எனக்குத் தெரிந்தது.

இந்த ஆட்டத்தில் தோல்வி அதிகம். 1941-ல் டெட் வில்லியம்ஸின் அடி சராசரி .406, ஆயிரத்துக்கு 406 முறை வெற்றி. அதாவது, உலகம் போற்றுகிற மட்டையாளருக்கே பத்துக்கு ஆறு முறை கணக்கில் வெற்றி இல்லை. அவுட்டாகிக் கண்ணீரோடு திரும்பும் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதை நான் உடனே சொல்வதில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் பக்கத்தில் உட்காருவேன். கணக்கெல்லாம் அடுத்த பயிற்சி நாளில்.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது; 66-ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு. வளர்கிற முழங்கைக்காக வைத்த விதி. ஒருமுறை ஜெயிக்கிற நிலையில் 75 ஆனதும் பந்து வீசிய பிள்ளையை மாற்றினேன். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு தந்தை சத்தம் போட்டார். ஆட்டம் கைவிட்டுப் போனது. அந்தக் கையை நினைத்தால் எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நம் அணி அடிக்கும்போது நான் நிற்பது முதல் பேஸ் பக்கம். பந்துக்குப் பயந்த அந்தப் பையன் மே மாதம் ஒரு நாள் உண்மையாகவே பந்தை அடித்தான். தரையோடு உருண்டு இரண்டு பேருக்கு நடுவே போனது. ஓடி வந்து பேஸை மிதித்து, மூச்சிரைக்க என்னை நிமிர்ந்து பார்த்தான். ஹெல்மெட் சரிந்து ஒரு கண்ணை மறைத்திருந்தது. அவன் அம்மாவைத் தேடுவதற்கு முன்னால், அந்த ஒரு நொடி, அவன் முகம் முழுக்க எனக்குத்தான்.

வசந்தத்தில் சீசன் தொடங்குகிறது. எங்களுக்கு உதவ இன்னும் இரண்டு பெற்றோர் வேண்டும். விதியெல்லாம் நான் சொல்லித் தருகிறேன். விழா முடிந்ததும் வாசலில் நிற்பேன், வந்து பேசுங்கள்.