மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? பிசியோதெரபி மாணவியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். கடலூரிலிருந்து இறுதியாண்டு பிசியோதெரபி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியை அப்படியே படிக்கிறேன்: "சார், மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. பிறகு மருந்தியலை ஏன் படிக்க வேண்டும்? அரை ஆயுட்காலம், உச்ச அளவு என்றெல்லாம் தேர்வில் எழுதித் தேறிவிடுகிறோம். வார்டில் நோயாளிக்கு முன்னால் நிற்கும்போது அது எங்கே உதவுகிறது?" இதோடு ஒரு சந்தேகமும் இருக்கிறது. பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்த 62 வயதுப் பெரியவரை டிரெட்மில்லில் நடக்க வைத்தாராம். அவருக்கு நன்றாக மூச்சு வாங்குகிறது, நாடித்துடிப்போ 88-ஐத் தாண்டவில்லை. கருவி பழுதாகியிருக்குமா என்று கேட்கிறார்.

கருவியை ஒரு முறை சரிபாருங்கள், மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களே எண்ணியும் பாருங்கள். ஆனால் எனக்குக் கருவியின் மேல் சந்தேகம் இல்லை, அம்மா. அவருடைய மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். மெட்டோபுரோலால், அட்டெனலால், பிசோபுரோலால் என்று 'லால்' என முடியும் பெயர் ஒன்று அதில் இருக்கும் என்றே நினைக்கிறேன். இவை பீட்டா தடுப்பிகள். உழைப்பு கூடும்போது அட்ரினலின் இதயத்தை முடுக்கும் அல்லவா, அந்த முடுக்கத்தை இந்த மருந்து தடுத்துவிடுகிறது. ஆள் களைத்துப் போவார், நாடி மட்டும் ஏறாது.

இப்போது நீங்கள் பாடத்தில் படித்த 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 158 வருகிறது. அதில் 70 சதவீதம் என்றால் ஏறத்தாழ 110. நாடி 110-ஐத் தொடவில்லையே என்று நீங்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அந்தப் பெரியவரின் இதயத்தை அது தாங்க முடியாத இடத்துக்குத் தள்ளுகிறீர்கள். இந்த மருந்து எடுப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு 6 முதல் 20 வரை எண்ணிட்ட போர்க் அளவுகோலைப் பயன்படுத்துங்கள். "எவ்வளவு கடினமாக இருக்கிறது, ஐயா?" என்று கேளுங்கள். 11-க்கும் 13-க்கும் இடையில், அதாவது இலேசுக்கும் சற்றுக் கடினத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே உங்களோடு இரண்டு வாக்கியம் அவரால் பேச முடிய வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் இதிலேயே இருக்கிறது. நாம் மருந்து எழுதுவதில்லை, உண்மைதான். ஆனால் மருந்து உடலுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்த உடலை நடக்க வைப்பதும், வளைப்பதும், சூடு வைப்பதும் நாம்தான். எழுதிய மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்திருப்பார், நாம் முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நிற்கிறோம். அதனால் என்ன மாத்திரை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அரை ஆயுட்காலம் என்பது இந்த நேரக் கணக்குத்தான். இரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். பாராசிட்டமாலுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மணி. டயஸிபாமுக்கு 20 மணிக்கும் மேல். அது உடைந்து உருவாகும் பொருளும் மருந்தாகவே வேலை செய்யும், இன்னும் அதிக நேரம் தங்கும். நான்கைந்து அரை ஆயுட்காலம் கடந்தால்தான் மருந்தில் பெரும்பகுதி வெளியேறும். ஆகவே நேற்று இரவு தூக்கத்துக்கு டயஸிபாம் போட்ட பாட்டி, இன்று காலை உங்களிடம் வரும்போதும் அந்த மருந்தோடுதான் வருகிறார். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை அன்றைக்குத் தொடங்காதீர்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் அரை ஆயுட்காலம் நல்ல கல்லீரலும் நல்ல சிறுநீரகமும் உள்ளவருக்கு என்பதையும் மறக்க வேண்டாம். கால் எரிச்சலுக்கும் இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வலிக்கும் இன்று எழுதப்படும் பிரிகாபாலின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்த சர்க்கரை நோயாளியிடம் அது நீண்ட நேரம் தங்கித் தலைசுற்றலையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். பிறகு நாம் "சமநிலை சரியில்லை" என்று எழுதி, அதற்கொரு பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

பார்க்கின்சன் நோயாளியிடம் இந்த நேரக் கணக்கு இன்னும் துல்லியமாக வேண்டும். அந்த நோய்க்கான முக்கிய மருந்து லெவோடோபா. அதைக் கார்பிடோபா என்ற துணை மருந்துடன் சேர்த்துத் தருகிறார்கள். அப்படித் தந்தும் அதன் அரை ஆயுட்காலம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நடைப் பயிற்சியை மருந்து நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் வையுங்கள். பலருக்கு அது விழுங்கி ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். ஒவ்வொருவருக்கும் மாறும், அவர் வீட்டாரைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். சாப்பாட்டையும் விசாரியுங்கள். லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வழியாக உள்ளே போகப் போட்டியிடும். தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள், மதியம் மீனும் முட்டையுமாக வயிறு நிறையச் சாப்பிட்டு அதோடு மாத்திரையும் போட்டிருக்கிறார் என்றால், மூன்று மணிக்கு அவர் கால் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் வியப்பில்லை. நோய் முற்றிவிட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். அதே சமயம், மருந்து வடிந்த நேரத்திலும் எப்போதாவது ஒரு முறை பார்த்து வையுங்கள். அவர் விடியற்காலையில் கழிப்பறைக்கு எழுந்து போவது அந்த நிலையில்தான்.

சர்க்கரை நோய்க்கு வருகிறேன், இதில்தான் எனக்கு அதிகக் கவலை. ரெகுலர் இன்சுலின் ஊசி போட்ட அரை மணியில் வேலையைத் தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். காலை ஏழரைக்கு ஊசி போட்டவருக்குப் பத்து மணிக்குக் கடும் பயிற்சி கொடுத்தால், உழைக்கும் தசையும் சர்க்கரையை இழுக்கும், இன்சுலினும் இழுக்கும். தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே சைக்கிள் மிதிக்க வைத்தாலோ, ஊசி போட்ட இடத்தில் தேய்த்தாலோ, வெந்நீர் ஒத்தடம் வைத்தாலோ மருந்து இன்னும் வேகமாக உள்ளே போகும். இன்சுலின் போடாமல் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை இறங்கும். வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வரும் அம்மாக்களை நாம் எல்லோருமே பார்க்கிறோம். தொடங்குவதற்கு முன் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் அன்று பயிற்சி இல்லை, உடனே குளுக்கோஸ்.

இதோடு பீட்டா தடுப்பியும் சேர்ந்துவிட்டால்? சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மறையாது. ஆனால் நம் ஊரைப் பற்றி யோசியுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கத்திரி வெயில் நாளில், கடல் ஈரக் காற்றில், மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே வியர்க்கிறது. எஞ்சியிருந்த ஒரே அடையாளமும் அதில் கரைந்துவிடுகிறது. ஆகவே அந்த நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் குழறினால், கேட்டதையே திரும்பக் கேட்டால், நிறுத்திவிட்டுச் சர்க்கரையைப் பாருங்கள். அதே வெயில் நாளில், சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் ஃபியூரோசமைடு மாத்திரை எடுப்பவரைப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுப்ப வேண்டாம். உட்கார வைத்து, காலை ஆட்டச் சொல்லி, பிறகு நிற்க வையுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால் அதைக் குறித்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சூடு என்றதும் இன்னொன்று. ஃபென்டனில் போன்ற வலி நிவாரணப் பட்டைகளைத் தோலில் ஒட்டியிருப்பார்கள், புற்றுநோய் வலிக்கு இது தருவதுண்டு. அதன்மேலோ பக்கத்திலோ சூட்டுச் சிகிச்சை கூடவே கூடாது. சூட்டில் பட்டையிலிருந்து மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும், மூச்சே அடங்கிப் போகலாம். சட்டையைக் கழற்றிப் பார்க்காமல் முதுகுக்கு ஹாட் பேக் வைக்காதீர்கள்.

வலி மாத்திரை பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் காலை மடக்க வேண்டுமானால், மருத்துவர் எழுதிய வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு வரச் சொல்லலாம், பயிற்சி நன்றாக நடக்கும். ஆனால் வலி மரத்திருக்கும்போது "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று இழுக்காதீர்கள். அடுத்த நாள் காலையில் மூட்டு வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெயர் தெரியாத மாத்திரைகள். மூட்டு வலி என்று மருந்துக்கடையில் கேட்டால், அட்டையிலிருந்து பிரித்து நாலைந்தைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதுண்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி பறந்துவிடும், அவரும் மாதக் கணக்கில் அதையே வாங்கிப் போடுவார். முகம் உப்பியிருக்கிறதா, தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறதா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லையா, கவனியுங்கள். நீண்டகால ஸ்டீராய்டு தொடைத் தசையையும் எலும்பையும் உருக்கும். அப்படிப்பட்டவரின் முதுகெலும்பில் அழுத்திச் சிகிச்சை செய்வது ஆபத்து. பயந்துபோய் "உடனே நிறுத்துங்கள்" என்றும் சொல்லிவிடாதீர்கள். உடல் தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், திடீர் நிறுத்தம் உயிருக்கே உலை வைக்கும். பொட்டலத்தோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். ஸ்டீராய்டோடு சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சேர்ந்தால் குதிகால் தசைநாண் அறுந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது, அறுபதைத் தாண்டியவர்களுக்கு மேலும் கூடும். இதற்காகவே 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துகளின் மேல் கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட வைத்தது. சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து முடித்த கையோடு குதிகால் வலி என்று வருபவருக்கு, குதிகாலைத் தூக்கும் பயிற்சியை உடனே கொடுக்க வேண்டாம்.

சரி, சந்தேகம் வந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன? பக்கவாத நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கால் இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். இறுக்கம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் அந்த இறுக்கத்தை ஊன்றுகோலாக வைத்துத்தான் அவர் இதுவரை நின்றுகொண்டிருந்தார். இப்போது முழங்கால் மடிகிறது. இது மருத்துவரின் மேசையில் தெரியாது, இணை கம்பிகளுக்கு நடுவில் நிற்கும் நமக்குத்தான் தெரியும். மாத்திரையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நோயாளியிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை, பேக்லோஃபெனைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: "அளவு கூட்டிய பிறகு நிற்கும்போது இடது முழங்கால் மடிகிறது. காலை மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரத்தில் மோசமாகவும், அடுத்த வேளைக்கு முன் ஓரளவு நன்றாகவும் இருக்கிறது. அளவையும் நேரத்தையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்." தேதி போட்டு, கையெழுத்திட்டு, நோயாளியின் கோப்பிலேயே வைத்து அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்தக் காலுக்கு முழங்கால் பட்டை கட்டி, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு பயிற்சியைத் தொடருங்கள்.