ஃபிரிட்ஸ் போலார்டும் நம் சங்க விருதும்

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்னாள் தலைவர்கள் மூவரும் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்கும் தனித்தனியாக வணக்கம், காலையிலிருந்து சமையற்கட்டை விட்டு நகராத நண்பர்களுக்கு இரண்டு வணக்கம். நம் ஒகையோவில், அக்ரன் நகரத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஃபிரிட்ஸ் போலார்டைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அவர் ஆட்டம், அவர் பயிற்சி, அவர் நடத்திய பத்திரிகை.

1894-ல் சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர். பிரௌன் பல்கலைக்கழகத்துக்காக 1916 ரோஸ் பௌல் என்ற கல்லூரிக் கால்பந்துப் போட்டியில் ஆடினார். 1919-ல் அக்ரன் அணிக்கு வந்தார். ஆள் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான், ஆனால் ஓடினால் பிடிக்க முடியாது. அப்புறம் பிடித்துவிட்டால்? அங்கேதான் வேடிக்கை. கீழே தள்ளியதும் நாலு பேர் மேலே விழுந்து மிதிக்கப் பார்ப்பார்கள். இவர் சட்டென்று மல்லாக்கப் புரண்டு, ஆணி வைத்த பூட்ஸ் இரண்டையும் மேலே தூக்கி சைக்கிள் மிதிப்பதுபோல் சுழற்றுவார், எவன் கிட்டே வருவான்! (கைதட்டியது போதும், நேரமாகிறது.) உள்ளூர் ரசிகர்களே கூச்சல் போட்டு ஏசியதால், அணி உரிமையாளரின் சுருட்டுத் தொழிற்சாலையில் சீருடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு காரில் வந்து இறங்குவாராம். அந்த மனிதர்தான் 1920-ல் அணியைச் சாம்பியனாக்கினார், 1921-ல் ஆடிக்கொண்டே பயிற்சியாளரும் ஆனார். இன்று என்.எஃப்.எல். என்கிறோமே, அந்தத் தொழில்முறை லீக்கில் அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் ஷெல் வந்தது 1989-ல். நடுவே 1934 முதல் 1945 வரை கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் மேடைதோறும் சொல்வேன், நீங்களும் சிரிப்பீர்கள். இதே ஒகையோவின் கான்டன் நகரத்தில் கால்பந்து வீரர்களுக்கான புகழ் மண்டபம் திறந்தது 1963-ல். போலார்ட் 1986 வரை, 92 வயது வரை உயிரோடு இருந்தார். அவரை உள்ளே சேர்த்தது 2005-ல்! இருபத்து மூன்று வருஷம் கூப்பிடு தூரத்தில் இருந்த மனிதரை விட்டுவிட்டு யாருக்கு மாலை போட்டார்கள்?

நம் சங்க விருதும் அதே கதைதான். கடைசியாகக் கொடுத்த நாலும் படத்திறப்பு விழாக்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் விருது என்று விதியைத் திருத்த ஒரு மனு வாசல் மேசையில் இருக்கிறது. பத்திரிகைக் கதையை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன், செயலாளர் ஏற்கெனவே இரண்டு சீட்டு அனுப்பிவிட்டார். பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறோம், சாப்பிடப் போகும் வழியில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.