வேரில் முடிச்சு, தீர்மானம் இலையில்

நேயர்களுக்கு வணக்கம். தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ சோயா அவரை போட்டிருப்பவர்கள், செடி பூக்கும் நேரத்தில் ஒன்றை மண்வெட்டியால் சுற்றிக் கிண்டி எடுத்துப் பாருங்கள். கையால் பிடுங்கினால் வேரிலுள்ள சின்ன முடிச்சுகள், அதாவது வேர்ச்சிறுகணுக்கள், அறுந்து மண்ணோடு நின்றுவிடும். வேரை வாளித் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவுக்காரப் புரதம்தான் அது. சிவப்பு இருந்தால், உள்ளே குடியிருக்கும் பற்றீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

முடிச்சே இல்லையென்றால் மண்ணைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் அது சரி. சோயாவே காணாத மண்ணில் அதற்கேற்ற பற்றீரியா போதியளவு இருக்காது. ஆனால் விதையிலும் விஷயம் உண்டு. 1954இல் வில்லியம்ஸ், லிஞ்ச் என்ற இரு ஆய்வாளர்கள், முடிச்சு வைக்காத ஒரு சோயாவைப் பற்றி எழுதினார்கள். அதை வழமையான செடியோடு கலந்தால் முதல் தலைமுறை முழுக்க முடிச்சு வைக்கும். அடுத்ததில் ஏறக்குறைய நாலில் ஒன்று வெறும் வேரோடு நிற்கும். ஒரேயொரு பின்னிடைவான பரம்பரையலகு, அதாவது தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது, செய்யும் வேலை. பற்றீரியாவின் சமிக்ஞையை வேரால் உணர முடிவதில்லை. இதற்கு மாறாக, ஒரு பக்கமிருந்து வந்தாலே வெளிப்படும் ஆட்சியான பரம்பரையலகுகள் சில, குறிப்பிட்ட பற்றீரியா வகைகளை மட்டும் உள்ளே விடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1985இல் அவுஸ்திரேலியாவில் வந்த செய்தி. ‘பிராக்’ என்ற சோயா விதையை இரசாயனத்தில் ஊறவைத்து உண்டாக்கிய ஒரு விகாரச் செடி, அதாவது பரம்பரையலகு மாறிப்போன செடி, வேர் தெரியாத அளவுக்கு முடிச்சு வைத்தது. சரி, தண்டை வெட்டி ஒட்டிப் பார்ப்போம் என்றார்கள் ஆய்வாளர்கள். விகாரத் தண்டை நல்ல வேரில் ஒட்டினால் முடிச்சு குவிந்தது. நல்ல தண்டை விகார வேரில் ஒட்டினால் அளவோடு நின்றது. ஆக, எத்தனை முடிச்சு என்று முடிவெடுப்பது மேலே இருக்கும் இலை! அதற்கான பரம்பரையலகை 2003இல் பிரித்தறிந்தார்கள்.

அப்படியானால் அந்தச் செடியையே விதைக்கலாமே என்பீர்கள். விளைச்சல் குறைந்துதான் போனது. முடிச்சு ஒவ்வொன்றும் இலை செய்யும் சீனியில்தான் வாழ்கிறது. அத்தனைக்கும் தீனி போட்டால் காய்க்கு என்ன மிஞ்சும்?

யூரியாவை அள்ளிப் போட்டாலும் வழமையான சோயா முடிச்சைக் குறைத்துவிடும். ஆகவே பசளை மூட்டையை அவிழ்க்க முதல் வேரைப் பாருங்கள். விதையோடு பற்றீரியா கலந்து விதைத்தும் முடிச்சு இல்லையென்றால், கமநல சேவை நிலையத்துக்குப் போகும்போது விதையின் இனப்பெயரையும் பற்றீரியாப் பொதியையும் கையோடு கொண்டுபோங்கள்.