நாள் தெரியும், ஆண்டு தெரியாது

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் படித்த ஒரு வாழ்க்கை வரலாற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் படித்தது சோழ அரசி செம்பியன் மாதேவியின் வரலாறு. பெயரைச் சொன்னதுமே உங்களில் பாதிப் பேருக்கு வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, ஓயாத சிவபூசை என்று ஓர் உருவம் வந்து நின்றிருக்கும். நாவலும் சினிமாவும் வரைந்து கொடுத்த உருவம் அது. எனக்குள்ளும் அதுதான் இருந்தது.

நான் பென்சிலும் கையுமாகப் படிக்கிற ஆள். ‘இருந்திருக்கலாம்’, ‘எண்ணியிருப்பார்’ என்று வரும் இடங்களுக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போனேன். இளமைப் பருவம் என்ற அத்தியாயம் முடிவதற்குள் பென்சில் மழுங்கிவிட்டது. மழவர் குலத்துப் பெண், கண்டராதித்த சோழரின் தேவி. கல்வெட்டில் இருப்பது இவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் ஆசிரியர் உபயம். அவரைக் குறை சொல்லவில்லை. இருபது பக்கம் எழுதியாக வேண்டும், கையில் இருப்பதோ ஒரு வரி. என்ன செய்வார், பாவம்!

கண்டராதித்தர் 957 வாக்கில் மறைந்தார். இந்த அம்மையார் பெயர் 1001 வரை கல்வெட்டுகளில் வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கைம்பெண். அதற்குள் அரிஞ்சயர், சுந்தர சோழர், சொந்த மகன் உத்தம சோழர், அப்புறம் ராஜராஜர் என்று அரியணை கை மாறிக்கொண்டே இருக்கிறது. நடுவில் சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலை வேறு. அந்தக் கொலையாளிகளின் சொத்தைப் பறித்த கதையை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அரண்மனைக்குள் இவர் என்ன பேசினார், யாரிடம் அழுதார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

சரி, கல் எதைத்தான் சொல்கிறது? ‘உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்’ என்கிறது. அரசனைப் பெற்ற வயிறு என்பதுதான் விருது. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் அதே கல்வெட்டுகளில் அடுத்தடுத்த வரிகளைப் பாருங்கள். செங்கல் கோயில்களை வரிசையாகக் கற்றளி, அதாவது கற்கோயில் ஆக்குகிறார்: திருநல்லம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிக்காவல், விருத்தாசலம். வயிற்றைப் பாடிவிட்டு, கை செய்த வேலைக்குத்தான் பட்டியல் போடுகிறார்கள்.

இதில் திருக்கோடிக்காவலை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே பழைய கற்களில் பல்லவர் காலம் தொட்டு யார் யாரோ கொடுத்த தானங்களின் கணக்கு இருந்தது. புதிதாகக் கட்டும்போது அதையெல்லாம் தூக்கிப் போட்டிருந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டி, ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். அடுத்தவர் கொடுத்த விளக்கும் அதன் நெய்க்கான ஆடும் தம் பேரில் கரைந்துவிடக் கூடாது என்ற நியாயம் அது. ‘அவர் மனம் எப்படிப்பட்டது’ என்று ஆசிரியர் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். எனக்கு இந்த ஒரு குறிப்பே போதுமாக இருந்தது.

திருநல்லம் என்றால் இன்றைய கோனேரிராசபுரம். கணவர் பெயரால் கட்டிய கற்றளி. கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவதாகச் சுவரில் ஒரு சிற்பம். அதன் கீழே நீளமாக எழுதிக்கொண்டே போய், ‘ஸ்ரீ கண்டராதித்த தேவர் இவர்’ என்று முடித்திருக்கிறார்கள். அந்த ‘இவர்’ இருக்கிறதே, ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டி விரலால் தொட்டுக் காட்டுவாளே, அதே தொனி. கோயில் வேலையைச் செய்வித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் பெயரும் அங்கே உண்டு. வேலை செய்தவன் பெயரை விடாத அரசியர் எத்தனை பேரோ, நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். இவர் பிறந்த நட்சத்திரம் சித்திரைக் கேட்டை. நாகப்பட்டினம் பக்கம் இவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்று ஊர் இருக்கிறது. அங்கே இவர் பிறந்தநாள் விழாவுக்கு நிவந்தம், அதாவது அறக்கட்டளை எழுதி வைத்தவர்கள் உத்தம சோழரின் மனைவியர், அதாவது இவருடைய மருமகள்கள். 1019இல் ராஜேந்திரன் அதே கோயிலில் இவருக்குத் திருமேனியே, அதாவது சிலையே எடுத்து வைத்தான். பிறந்த நாள் இப்படித் தெளிவாகத் தெரிகிறது, ஆண்டு மட்டும் கல்லில் இல்லை. காரணம் எளிது. விழா வருடா வருடம் வரும், அதற்கு நாள் தெரிந்தால் போதும், ஆண்டு எதற்கு? நமக்குத்தான் முதல் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட ஆண்டு வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்க ஓரத்தில் மழுங்கின பென்சிலால் நான் எழுதி வைத்தது இது: ‘மருமகள்களைக் கேட்டிருந்தால் மாமியார் வயதைச் சரியாகச் சொல்லியிருப்பார்கள்.’