புதுக் கணினியின் முதல் திரைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக வாங்கிய விண்டோஸ் கணினியை முதன்முறை இயக்கினால், எந்த நாடு, எந்த மொழி, வைஃபை கடவுச்சொல் என்ன என்று வரிசையாகக் கேட்கும். நடுவே ஒரு பக்கத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் எட்டிப் பார்க்கும். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் கொடுங்கள் என்று கேட்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்சிதான்.

விண்டோஸ் 95 காலத்தில் அப்படி இல்லை. பேக்கர்ட் பெல் கணினியைத் திறந்தால் திரையில் ஒரு வீடு வரும். அறை அறையாக நுழைந்து மென்பொருள்களை இயக்கலாம். கணினியையே முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. 1996-ல் மைக்ரோசாஃப்ட் இதற்கெல்லாம் தடை போட்டது. கணினியின் முதல் துவக்கத்தில் தயாரிப்பாளர்கள் யாரும் கைவைக்கக் கூடாது என்றது. ஹெச்.பி. நிறுவனத்துக்குக் கோபம். உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடிவிட்டன, வேறு ஆள் கிடைத்தால் உங்களிடம் வாங்கவே மாட்டோம் என்ற தொனியில் 1997-ல் கடிதமே எழுதிவிட்டார்கள்! அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது 1998-ல் தொடுத்த வழக்கில் இதுவும் பேசப்பட்டது. 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் துவக்கத்தை மாற்றவே கூடாது என்ற தடை சட்டவிரோதம் என்றது. ஆனால் விண்டோஸ் முகப்பையே மறைத்து வேறு முகப்பு போடுவதைத் தடுத்தது சரிதான் என்றும் சொன்னது. எனக்கென்னவோ பாதி நியாயம்தான் கிடைத்ததாகத் தோன்றுகிறது.

சரி, இன்று தயாரிப்பாளரின் சின்னம் வரும் அந்தப் பக்கத்தை எப்படி அமைக்கிறார்கள்? தொழிற்சாலையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கேள்விகளைத் தாண்டி உள்ளே போய்விடலாம். பிறகு ஓஓபிஇ (முதல் துவக்க அனுபவம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது விவரங்களைக் குறியீடுகளுக்குள் எழுதிவைக்கும் உரைக் கோப்பு. சின்னம் எங்கே இருக்கிறது, எந்தப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதப்படும். நாட்டுக்கும் மொழிக்கும் தனித்தனிக் கோப்புறை வைக்கலாம். கோப்புறையின் பெயர் ஓர் எண்தான்: இந்தியாவுக்கு 113, அதற்குள் தமிழுக்கு 1097. ஆக, தமிழில் வரவேற்கத் தொழில்நுட்பத் தடை ஒன்றும் இல்லை, மனம்தான் வேண்டும். கடைசியில், கணினியை முதல் துவக்க நிலைக்குத் திருப்பும் சிஸ்பிரெப் கட்டளையைக் கொடுத்து அணைத்தால், அடுத்து திறப்பவருக்குக் கணினி புதிதாகவே தெரியும்.

ரிச்சி தெருவில் கணினி அசெம்பிள் செய்து தரும் சிறிய கடைக்காரரும் இதைச் செய்யலாம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தன் கடைப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டுவிட்டால், கணினியின் விவரப் பக்கத்தில் அவை தெரியும்.

அப்புறம், அந்த டிக் போட்ட பெட்டிகள். நீங்கள் கொடுக்கும் பெயரும் எண்ணும் பூட்டிய கோப்பாக உங்கள் வட்டில் எழுதப்படும். தயாரிப்பாளரின் செயலி அதை எடுத்து அனுப்பும். விளம்பர மின்னஞ்சலுக்குச் சம்மதம் என்ற பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டாலும், அந்தப் பக்கத்தையே தாண்டிப் போனாலும் கணினி வழக்கம்போல வேலை செய்யும்.