59 நாள் உளுவை

வணக்கம். சித்த வைத்தியர் மருந்து கொடுத்தால் ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்வார். 48 நாள். நமக்கு அது இருமல் தீருகிற கெடு. நான் சொல்ல வந்த மீனுக்கு அது ஏறக்குறைய முழு ஆயுசு. 48 நாளில் அது தொண்டுகிழம். அதிகபட்ச வயது என்று பதிவானதே 59 நாள்தான்!

உளுவையைக் கழிமுகச் சேற்றில் பார்த்திருப்பீர்கள். இது அந்தக் குடும்பத்துப் பொடியன்களில் ஒன்று. பவளப்பாறைதான் இதன் வீடு. எவியோட்டா சிஜில்லாட்டா. பெயர்தான் நீளம், ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூடத் தேறாது.

வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மீனின் தலைக்குள் செவிக்கல் என்று ஒன்று உண்டு. மரத்தில் ஆண்டு வளையம் மாதிரி இதில் நாளுக்கு ஒரு வளையம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பிடித்த மீன்களின் வளையங்களை எண்ணித்தான், 2005இல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் டெப்சின்ஸ்கியும் பெல்வுட்டும் இந்தக் கணக்கைச் சொன்னார்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் இதைவிடக் குறைந்த ஆயுசு அதுவரை பதிவாகியிருக்கவில்லை. (கடுகளவு தலைக்குள் கல்லைத் தேடி எடுத்த கைக்குத் தனியாக ஒரு கும்பிடு.)

அந்த 59 நாளில் முதல் மூன்று வாரம் குஞ்சாகத் திறந்த கடலில் மிதப்பு. பிறகு பாறைக்கு வந்து ஓரிரு வாரத்தில் பருவம் அடைய வேண்டும். மிச்சம் மூன்றரை வாரம்தான் குடும்ப வாழ்க்கை.

ஏன் இந்த அவசரம்? பாறையில் இருக்கிற வாயெல்லாம் இதைத் தின்னும். இன்று நூறு இருந்தால் விடிவதற்குள் ஏழெட்டு குறைந்திருக்கும். நிதானமாக வளர்ந்தால் முட்டையிட ஆளே மிஞ்சாது. பெண்மீன் ஆயுசுக்கும் இடுவது சுமார் 400 முட்டை. பெரிய மீன்கள் லட்சக்கணக்கில் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். இது ஓரிடத்தில் ஒட்டி வைக்கும், ஆண் கூடவே நின்று காவல் காக்கும். இருப்பதே மூன்றரை வாரம், அதிலும் காவல் வேலை!

இப்படித் தின்னப்படுகிற பொடிமீன் கூட்டத்தால் யாருக்கு லாபம்? 2019இல் சைமன் பிராண்டல் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டார்கள். பவளப்பாறையில் இரையாகும் மீன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு, பாறை இடுக்கில் ஒளிந்து வாழும் இந்த மாதிரிப் பொடிகள்தானாம். ஆனால் பாறையில் போய்ப் பார்த்தால் கண்ணில் படுவது கொஞ்சம்தான். தெருமுனை இட்லிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது எட்டிப் பார்த்தாலும் தட்டில் நாலு இட்லிதான் இருக்கும். தெருவே அங்கேதான் சாப்பிடுகிறது.