பைக்கற் மாறினால் வாடிக்கை மாறுமா?

[காட்சி: பலசரக்குக் கடை ஒன்றின் உட்சுவர். தட்டுகளில் பால்மா, தேயிலை, பிஸ்கற், சவர்க்காரம்.]

வணக்கம். வருடக்கணக்காக ஒரே தேயிலை, ஒரே பால்மா என்று வாங்கிவரும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அப்படிப்பட்ட வீடு ஒன்று, அந்தச் சாமானின் பைக்கற் மாறிய மாதத்தில் பக்கத்துச் சாமானுக்குத் தாவிவிடுகிறது. உள்ளே இருப்பது அதே பொருள், விலையும் அதே விலை, மேலுறை மட்டும்தான் வேறு. ஏன் இப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். முதலில் அமெரிக்காவில் நடந்த ஒரு கதை. பிறகு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்கும் திருநெல்வேலிக்கும் வருவோம், ஏனென்றால் இங்கே இது நடக்கும் விதமே வேறு.

[திரையில்: இரண்டு பழச்சாறுப் பெட்டிகளின் கோட்டு வரைபடம்]

2009 ஜனவரியில் பெப்சிகோ நிறுவனம் தன்னுடைய ட்ரொப்பிகானா தோடம்பழச் சாற்றுக்குப் புதுப் பெட்டி போட்டது. பழைய பெட்டியில் ஒரு முழுத் தோடம்பழம் இருக்கும், அதற்குள் நேராக ஒரு ஸ்ட்ரோ குத்தியிருக்கும். புதிய பெட்டியில் பழமும் இல்லை, ஸ்ட்ரோவும் இல்லை. கண்ணாடிக் குவளையில் சாறு, மெல்லிய எழுத்தில் நெடுக்காகத் திருப்பிவிட்ட பெயர், அவ்வளவுதான். மூடியை மட்டும் அரைத் தோடம்பழம் போல அழகாகச் செய்திருந்தார்கள். விளம்பரத்துக்கும் பெருந்தொகை செலவழித்தார்கள்.

பெப்ரவரி 22 ஆவதற்குள் விற்பனை ஏறத்தாழ 20 வீதம் விழுந்துவிட்டது. இழப்பு 30 மில்லியன் டொலர் அளவில் என்று கணக்கிட்டார்கள். அடுத்த நாளே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. வாடிக்கையாளர்களுக்குப் பழைய பெட்டியோடு இருந்த பற்றைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்பதுதான் நிறுவனம் சொன்ன காரணம்.

அந்தக் காரணம் பாதி உண்மை என்றுதான் நான் நினைக்கிறேன். பெட்டியில் பாசம் வைத்தவர்கள் கடிதம் எழுதினார்கள், தொலைபேசி எடுத்துக் குறை சொன்னார்கள், சரி. ஆனால் அதே வாரங்களில் போட்டி நிறுவனங்களின் சாறுகள் கூடுதலாக விற்றன. கோபித்துக்கொண்டு சாறு குடிப்பதையே விட்டவர்களால் அது நடந்திருக்காது. தட்டைப் பார்த்து, தேடியது கண்ணில் படாமல், பக்கத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போனவர்களால்தான் அது நடந்திருக்க முடியும். புதிய பெட்டி கடைக்காரரின் சொந்த மலிவுச் சரக்கு மாதிரி இருந்ததாகப் பலர் அப்போதே சொன்னார்கள். அதாவது, வெறுத்தவர்களைவிடக் கண்டுபிடிக்க முடியாமல் போனவர்களே அதிகம்.

[காட்சி: சுப்பர் மார்க்கெட் தட்டு வரிசை. கமரா மெதுவாக நகர்கிறது.]

தட்டுக்கு முன்னால் நடந்துபோகும்போது எங்கள் கண் வாசிப்பதில்லை. முதலில் பிடிபடுவது நிறம். பிறகு வடிவம், அதற்குப் பிறகு படம். பெயர் கடைசியில்தான் வருகிறது, பல வேளை அது வருவதற்குள் கை நீண்டுவிடும். மைலோ என்று நினைத்தால் பச்சை, சன்லைட் என்றால் மஞ்சள். மார்மைட் போத்தலை அதன் குண்டு வயிற்றை வைத்தே இருட்டிலும் எடுத்துவிடலாம். இந்த அடையாளங்கள் ஒரே நாளில் உண்டானவை அல்ல. திரும்பத் திரும்பக் கண்டதனாலேயே ஒரு வடிவம் பிடித்துப்போகும் என்பதை ரொபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் 1968 இல் சோதனை செய்து காட்டினார். அர்த்தமே தெரியாத எழுத்துகளையும் பொருளில்லாத சொற்களையும் ஆட்களுக்குக் காட்டினார். அடிக்கடி கண்டதை அவர்கள் நல்லதாகவே மதிப்பிட்டார்கள். பைக்கற்றை மாற்றும்போது அப்படிச் சேர்ந்த பழக்கத்தின் ஒரு பகுதி போய்விடுகிறது. சேர்க்க வருடங்கள் எடுத்தது, இழக்க ஒரு அச்சுக் கட்டளை போதும்.

[காட்சி: கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நிற்கும் கடைக்காரர்]

இனி எங்கள் ஊர். யாழ்ப்பாணத்தில் இப்போது சுப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன, மாதச் சாமான் அங்கே வாங்குபவர்களும் கூடிவிட்டார்கள். ஆனாலும் ஒழுங்கைமுனைக் கடையும் சங்கக்கடையும் பெரிய கடைப் பக்கத்து மொத்தக் கடைகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இந்தக் கடைகளில் சாமானை எடுப்பது எங்கள் கை அல்ல, கடைக்காரரின் கை. நாங்கள் பெயரைச் சொல்கிறோம், அவர் எடுத்துத் தருகிறார். ஆகவே அமெரிக்காவில் நடந்தது போல, கண்டுபிடிக்க முடியாமல் வேறொன்றை எடுப்பது இங்கே அநேகமாக நடக்காது. நடப்பது வேறொன்று. கேளுங்கள்.

"இதென்ன தம்பி, பெட்டி வேற மாதிரிக் கிடக்கு?"

"அதே சாமான்தான் அம்மா. கொம்பனிக்காரர் கவரை மாத்திப்போட்டினம்."

"ஒறிஜினல்தானே?"

"ஓமோம். உங்களுக்கு மாறித் தருவனே?"

"பழசு கிடந்தா அதைத் தாருமன்."

இது எந்தக் கடையில் நின்றாலும் காதில் விழும் பேச்சு. கேட்பவரின் கையையும் கவனியுங்கள். பைக்கற்றை வாங்கியதும் திருப்புவார். விலை அச்சிட்ட இடத்தைப் பார்ப்பார், திகதியைப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையில் வைத்து மெல்ல ஒரு தூக்குத் தூக்குவார். நிறை குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். பைக்கற்றில் கிராம் எழுதியிருக்கிறது, ஆனாலும் கையைத்தான் நம்புகிறார். விலையை ஏற்றாமல் கிராமைக் குறைத்த எத்தனையோ பிஸ்கற்றையும் சவர்க்காரத்தையும் கண்டு வந்த கை அது.

அந்தச் சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல. அதே ட்ரொப்பிகானாவையே எடுங்கள். 2024 இல் அவர்கள் மறுபடியும் போத்தலை மாற்றினார்கள், கூடவே அளவையும் 52 அவுன்ஸிலிருந்து 46 ஆகக் குறைத்தார்கள். அந்த ஒக்டோபரில் விற்பனை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 19 வீதம் குறைவு. பிரித்தானியாவில் 2016 இல் டொப்லரோன் சொக்லேற்றின் முக்கோணங்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி நிறையைக் குறைத்தபோதும் ஆட்கள் பொறுக்கவில்லை, 2018 இல் பழைய வடிவம் திரும்பியது. புதுத் தோற்றமும் குறைந்த நிறையும் ஒன்றாக வந்தால், அடுத்த முறை வெறும் தோற்றம் மட்டும் மாறினாலும் ஆட்கள் தராசோடுதான் வருவார்கள். இதில் எனக்குக் கடைக்காரர் பக்கமும் வாங்குபவர் பக்கமும்தான் அனுதாபம். தங்கள் கணக்கைச் சரிக்கட்ட நிறையைக் குறைக்கும் நிறுவனம் அதைப் பைக்கற்றின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதவேண்டும். எழுதுவதில்லை. பதில் சொல்லும் வேலையைக் கல்லாவில் நிற்கும் அந்தத் தம்பியின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

பைக்கற் மாறினால் சுவையும் மாறியதாகத் தோன்றும், அதுவும் மெய்தான். 2011 இறுதியில் கொக்கா கோலா அமெரிக்காவில் பனிக்கரடிகளுக்கு உதவும் ஒரு திட்டத்துக்காகச் சிவப்பு ரின்னை வெள்ளையாக்கியது. உள்ளே அதே பானம். சீனி சேர்க்காத, வெள்ளி நிற ரின்னில் வரும் டயற் கோக் என்று நினைத்து மாறி எடுத்தவர்கள் ஒரு பக்கம், சுவை மாறிவிட்டது என்று அடித்துச் சொன்னவர்கள் இன்னொரு பக்கம். டிசம்பரிலேயே சிவப்பு ரின்கள் திரும்பி வந்தன. நாக்கு தனியாகச் சுவைப்பதில்லை, கண் முன்கூட்டியே சொல்லி வைத்ததையும் சேர்த்துத்தான் சுவைக்கிறது. "இந்தப் புதுப் பைக்கற்றில வாறது முந்தின மாதிரி இல்லை" என்று அம்மம்மா தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தால், அவர் பொய் சொல்லவில்லை.

[திரையில்: ஒரே பைக்கற், தெளிவாகவும் மங்கலாகவும்]

அம்மம்மாவைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. கண்ணில் வெண்புரை விழுந்தவர்கள், சின்ன எழுத்து வாசிக்க முடியாதவர்கள், வாசிக்கவே படிக்காதவர்கள் எல்லோரும் சாமானை நிறத்தால்தான் அறிகிறார்கள். பேரனைக் கடைக்கு அனுப்பும்போது முடிந்த பைக்கற்றின் வெறும் உறையைக் கையில் கொடுத்து விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. "இதைக் காட்டு, இதே மாதிரி வாங்கி வா." அந்தப் பிள்ளை உறையை நீட்டுகிறான், கடையில் அதே மாதிரி ஒன்று இல்லை. அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தால் அன்றைக்குப் பால்மா இல்லை. வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில், தானே கடைக்குப் போய்வருகிறவர் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். பைக்கற் வரைபவர்கள் இவர்களை மனதில் வைத்து வரைய வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

வாடிக்கை உடைவதற்குப் பைக்கற்றைவிடப் பெரிய காரணங்களையும் யாழ்ப்பாணம் கண்டிருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது சவர்க்காரமே கிடைக்காமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த ஊர் இது. அப்போது எந்தப் பெயர், எந்த நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022 இல் டொலர் தட்டுப்பாட்டில் பால்மா வராமல் நின்றபோதும் வந்ததை வாங்கினோம். அப்படிக் கட்டாயத்தில் மாறியவர்களில் சிலர், தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் பழையதற்குத் திரும்பவில்லை. வேறொன்றைக் குடித்துப் பழகியாகிவிட்டது, அதுவும் பரவாயில்லை என்று கண்டும் ஆயிற்று. பைக்கற் மாற்றம் செய்வதும் சின்ன அளவில் அதைத்தான். வேறொன்றை முயன்று பார்க்க ஒரு சந்தர்ப்பம் கொடுத்துவிடுகிறது. பிஸ்கற் மாதிரிச் சாமானில் ஆட்கள் சுலபமாக மாறுவார்கள், ஏற்கனவே இரண்டு மூன்று பெயரை மாற்றி மாற்றித்தான் வாங்குகிறார்கள். தேயிலையிலும் மிளகாய்த்தூளிலும் மாறுவது கடினம் என்பது என் எண்ணம்.

சில மாற்றங்களைச் சட்டமே கொண்டு வருகிறது. 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் நிறக்குறி வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. இப்படியானவற்றை வரவேற்க வேண்டும், வாங்குபவருக்கு உதவும் மாற்றம் இது.

[காட்சி: வீட்டுத் தொழிற்கூடம். வறுத்த மிளகாயும் மல்லியும் ஆறப் போட்டிருக்கிறது.]

தூள் என்றதும் எங்கள் சிறு உற்பத்தியாளர்களுக்கு வருகிறேன். இந்த வீடியோவை நான் செய்ததே அவர்களுக்காகத்தான். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, நெல்லி ரசம் என்று வீட்டிலும் சங்கங்களிலும் செய்பவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்று பைக்கற்றை மாற்றப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். மாற்ற நியாயமான காரணமும் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் மிளகாயின் சிவப்பு மங்கும். மெல்லிய பொலித்தீன் வாசத்தைப் பிடித்து வைக்காது, தூளின் மணம் அதனூடே கசிந்துவிடும். உலோகப் பூச்சுள்ள பைகள் இரண்டையும் தடுக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்துத் தூளை வாங்குபவர் லேபலைப் பார்க்க முன்னர் தூளைத்தான் பார்க்கிறார். கறுக்க வறுத்ததா, இளசாக வறுத்ததா என்று பொலித்தீனூடே நிறத்தைப் பார்த்துத் தன் வீட்டுக் குழம்பு எப்படி வரும் என்று கணக்குப் போடுகிறார். பையை முழுக்க மூடி, வாழையிலையில் சோறு கறி என்று பளபளப்பாக ஒரு படம் போட்டால், அவருக்கு வேண்டிய ஒரே தகவலை மறைத்துவிட்டீர்கள். பின்பக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சாளரம் விடலாம். வெளிச்சம் சிறிது படும்தான், பெட்டிக்குள் அடுக்கி அனுப்பினால் அது பெரிய பாதிப்பில்லை. அதுவும் முடியாவிட்டால் உண்மையான தூளின் நிறத்திலேயே ஒரு பட்டையை அச்சிட்டு, வறுப்பின் அளவைத் தமிழில் எழுதுங்கள்.

பழைய லேபலில் ஆட்கள் எதைக் கண்டு உங்களை அறிகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது நீங்கள் பெருமைப்படும் இலச்சினையாக இருக்க வேண்டும் என்றில்லை. சிவப்பு நூலால் கட்டிய வாயாக இருக்கலாம், மஞ்சள் ஸ்ரிக்கராக இருக்கலாம். கடையில் போய் நின்று, ஆட்கள் உங்கள் சாமானை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். "அந்த மஞ்சள் லேபல் தூள்" என்றால் மஞ்சளை விடவே வேண்டாம், மற்றதை எல்லாம் மாற்றலாம்.

செலவு விஷயத்திலும் ஒன்று. பை முழுவதும் அச்சிடுவதென்றால் பெரிய அச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை வெட்ட வேண்டும். பிழைத்தால் காசு போனது போனதுதான். ஸ்ரிக்கர் ஒட்டுபவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. புது ஸ்ரிக்கரில் கொஞ்சம் அடித்து, ஒரு கடைக்குப் புதியதையும் இன்னொரு கடைக்குப் பழையதையும் கொடுத்துப் பார்க்கலாம். புதியது போகும் கடையில் பழைய பைக்கற்றின் படத்தைச் சின்னதாக அச்சிட்டு, "அதே தூள், புதிய பை, நிறையில் மாற்றமில்லை" என்று ஒரு வரி ஒட்டிவையுங்கள். கடைக்காரரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதிகம் பேர் கேட்ட கேள்விக்கான பதிலை அடுத்த முறை அச்சிடும்போது பையின் முன்பக்கத்திலேயே போடுங்கள்.